மடித்த தாளில் எழுதிய எடை

டாக்டரம்மா பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் விதத்தை நினைத்தால்தான் அவருடைய முகம் எனக்கு முழுதாக வருகிறது. கர்க்லாண்டில் அவர் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கும் பின்கதவுக்கும் இடையில், ஏறி நின்று பார்க்கிற பழைய தராசு ஒன்று தரையில் கிடக்கும். என் சின்னவளைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி அதில் ஏற்றுவார். முழங்கால் வலியோடு குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, எண்ணைப் பார்ப்பார். ஆனால் வாய் திறக்க மாட்டார். என் பிள்ளையின் எடையை ஒருவரும் வாயால் சொல்லக்கூடாது என்று நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். மேசையில் கிடக்கிற கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எதையோ எழுதி, நான்காக மடித்து, என் கைக்குள் திணிப்பார். "இந்தாம்மா, பரம ரகசியம்" என்பார். நான் அதைப் பிரிக்காமல் கைப்பைக்குள் போட்டு, வீட்டுக்கு வந்ததும் அலுமாரியில் இழுக்கிற லாச்சியின் மூலைக்குள் தள்ளிவிடுவேன்.

அவர் போன இலையுதிர்காலத்தில், வேறொரு நகரத்தில், மகன் வீட்டில் இறந்துபோனார். தமிழ்நாட்டிலிருந்து நாற்பது வருடங்களுக்கு முன்னால், பிரெஞ்சு பேசுகிற இந்தப் பனி ஊருக்கு வந்தவர். ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. கோயில் மடைப்பள்ளியில் வெங்காயம் இல்லாத சாம்பாருக்குக் காய் வெட்டும்போதுதான் எனக்குப் பழக்கமானார். எங்களுக்கு அப்போது குடும்ப டாக்டர் கிடையாது. பெயரைப் பதிந்துவிட்டு வருடக் கணக்காகக் காத்திருந்தோம். இந்த ஊரில் அது அதிசயமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான் அவருக்குத்தான் போன் எடுப்பேன். "நான் குழந்தை டாக்டர் இல்லைம்மா, ஞாபகம் வச்சுக்கோ" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் மறந்துவிடுவேன்.

என் வாயைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மூத்தவளுக்கு முன்னால் எனக்கு ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. அதற்கு முதல் நாள் ஒரு கலியாண மண்டபத்தில் நாலைந்து பெண்கள் என்னைச் சுற்றி நின்று, முகத்தில் என்ன வடிவு, வயிறு என்ன எடுப்பு என்று வாய் ஓயாமல் சொன்னார்கள். அதனால்தான் போனது என்று நம்புகிற அளவுக்கு நான் படிக்காதவள் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு என் பிள்ளைகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை என் வாயிலிருந்து வெளியே வந்ததே கிடையாது. புவாண்ட்-கிளேரில் நான் பெட்டி கட்டுகிற களஞ்சியத்தின் சாப்பாட்டு அறையில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஓரளவு அப்படித்தான். "உம்மடை சின்னவள் நல்லா வளந்திட்டாளாம்" என்றால், "எங்கை அக்கா, எலும்பும் தோலும்" என்று உடனே மறிப்போம். மற்றவர்களுக்கு அது மரியாதைப் பேச்சு. எனக்கு அது வேலி. சாப்பிடுகிறாளா? ஒன்றும் சாப்பிடுறாளில்லை. நித்திரை? எங்கே, எந்த நேரமும் அழுகை. கெட்டிக்காரியா? ஐயோ, மொக்கு. இரண்டு பிள்ளைகளும் குறையில்லாமல் தின்று, உறங்கி, சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் ஊருக்குச் சொன்ன செய்திகள் இவை.

டாக்டரம்மாவுக்கு இது பெரிய பகிடி. "என்னம்மா, இன்னிக்கும் உன் பொண்ணு பட்டினியா?" என்று கேட்டுத்தான் கதவையே திறப்பார். "எங்க ஊர்லயும் திருஷ்டிக்குப் பயந்து இப்படித்தான் சொல்வாங்க. ஆனா உன் அளவுக்கு யாரும் கிடையாது. நீ சொல்றதைத் தலைகீழாப் புடிச்சாப் போதும், எனக்குச் சரியான ரிப்போர்ட் கிடைச்சுடும்." நானும் சிரிப்பேன். என்னை அப்படி ஒருவர் கண்டுபிடித்து வைத்திருப்பது எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. அந்த வீட்டில் மட்டும் பொய்யும் சொல்லலாம், உண்மையும் அவருக்குத் தெரிந்துவிடும்; பழி என் வாயில் விழாது.

உண்மை என்னவென்றால், நான் சந்தோஷத்தில் திளைத்துக்கொண்டிருந்தேன். அதை எழுதவே இப்போதும் கை கூசுகிறது. மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. கணவர் டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை, பின்னேரம் போய்விடுவார். நான் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்திலிருந்து சின்னவளையும் பள்ளிக்கூடத்திலிருந்து மூத்தவளையும் கூட்டிக்கொண்டு பனிக்குள் நடந்து வருவேன். குளிப்பாட்டி இரண்டு பேரையும் ஒரே துவாய்க்குள் சுற்றி விட்டால் நாலு காலோடு வீட்டு நடை முழுக்க விழுந்து எழும்புவார்கள். பொம்மைகளை வரிசையாக இருத்தி, கார்டெரி ரீச்சரின் குரலில் பிரெஞ்சில் அதட்டுவாள் சின்னவள். காலையில் பனிச்சட்டை, பனிக்காற்சட்டை, தொப்பி, கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டி முடித்து நான் வியர்த்துப்போய் நிற்கையில், "அம்மா, ஒண்டுக்கு வருது" என்பாள். நான் கத்துவேன். கத்திக்கொண்டே சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்புவேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் பால்கனியில் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தார்கள். பனியைக் குவளைக்குள் அடைத்துத் தட்டிக் கவிழ்த்துப் புட்டு அவிப்பார்கள். மூத்தவள் பரிமாறுவாள், சின்னவள் சாப்பிடுவதுபோல் பாவனை செய்ய வேண்டும். தை மாதத்தில் ஒரு நாள் சின்னவள் பாவனை செய்யாமல் உண்மையாகவே அள்ளி அள்ளித் தின்றாள். இரண்டு கையாலும் பனியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, முகமெல்லாம் வெள்ளையாய், "அம்மா, இன்னும் புட்டு" என்றாள். நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று வயிறு நோகச் சிரித்தேன். போனில் படம் எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை, கண்ணூறு. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் என் பிள்ளை தாகத்தில் செத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த நாட்களில் அவள் சாப்பிட்ட சாப்பாடு! சனிக்கிழமைத் தோசை அவளுக்கு எப்போதும் ஒன்றரை. அது இரண்டாகி, மூன்றாகி, நாலானது. தமக்கையின் தட்டிலிருந்தும் எடுத்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு வார்த்து வார்த்துப் போட்டேன். பிள்ளை வளர்கிறாள், வளர்த்தி வருகிறது என்று நெஞ்சு நிறைந்தது. தண்ணீர் தண்ணீர் என்று நின்றாள். வீட்டு ஹீற்றரின் வறட்சி என்று நினைத்தேன். கார்டெரி தொடங்கி ஒரு வருடமாக நனையாத படுக்கை நனையத் தொடங்கியது. "நாலு வயசுக் குமரி, வெக்கமில்லையோ?" என்று ஏசினேன். அவள் நனைந்த விரிப்பைத் தானே சுருட்டிக் குளியலறைத் தொட்டிக்குள் ஒளித்து வைத்தாள். அந்த ஏச்சுக்கு எனக்கு இந்தப் பிறவியில் மன்னிப்பு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை முழுக வார்க்கும்போது முதுகெலும்பு என் கைக்குத் தட்டுப்பட்டது. முன்பு அப்படி இருந்ததில்லை. பயந்துபோய் அப்போதே டாக்டரம்மாவுக்குப் போன் எடுத்தேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

"டாக்டரம்மா, பிள்ளை நல்லா மெலிஞ்சு போனாள். தண்ணியிலேயே நிக்கிறாள். ஒண்டும் சாப்பிடுறாளில்லை."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "ஒண்ணும் சாப்பிடலன்னா ஒரு கட்டு கட்டறான்னு அர்த்தம். மெலிஞ்சுட்டான்னா ஸ்னோசூட் பத்தாமப் போயிடுச்சா? தண்ணி குடிக்கட்டும்மா, வீட்டுக்குள்ள காத்து எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. பனி கொஞ்சம் விட்டதும் கூட்டிட்டு வா, ரகசியத்தை எழுதித் தரேன்."

மெலிந்தது உண்மை. தண்ணீர் உண்மை. சாப்பிடவில்லை என்பது மட்டும் பொய். அவ்வளவு பயந்துபோய் இருந்தபோதுகூட, பிள்ளை நாலு தோசை சாப்பிடுகிறாள் என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை. இருமடங்கு தின்கிறாள், இருந்தும் இளைக்கிறாள் என்று நேராகச் சொல்லியிருந்தால், மயக்க டாக்டர் என்ன, மருந்துக்கடையில் பெட்டி அடுக்குகிறவர்கூட இது சலரோகம், சீனி வியாதி என்று சொல்லியிருப்பார். "இல்லை டாக்டரம்மா, இந்த முறை மெய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றதெல்லாம் பொய் என்று என் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதோடு அவர் சிரித்தது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் தோசைக்கு எழும்பவில்லை. இரண்டு தரம் சத்தி எடுத்தாள். மூச்சை ஆழமாக, வேகமாக இழுத்தாள். ஓடிவந்த ஆளின் மூச்சு, ஆனால் பிள்ளை படுக்கையில் கிடந்தாள். வாயில் பழுத்த பழத்தின் மணம். கணவர் கையில் தூக்கிக்கொண்டு வெறும் சட்டையோடு காருக்கு ஓடினார். இரவு கொட்டிய பனியில் கார் புதைந்து கிடந்தது. அவர் காலாலும் கையாலும் பனியைத் தள்ளினார். நான் பின்சீற்றில் மூத்தவளோடு ஏறி, சின்னவளை மடியில் வைத்து, "குஞ்சு, அம்மாவைப் பார், அம்மாவைப் பார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் பார்த்தாள்; என்னைத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் நர்ஸ் கேள்விகள் கேட்டாள். ஊரெல்லாம் வயிற்றுக் காய்ச்சல் நடக்கிறது, சத்தி எத்தனை தரம், காய்ச்சல் உண்டா? பிறகு, இந்தக் கிழமைகளில் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிட்டாளா?

"இல்லை" என்றேன். "ஒன்றும் சாப்பிடுறதில்லை."

அந்த இடத்திலும் அதைத்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. நர்ஸ் எழுதிக்கொண்டு, வயிற்றுக் காய்ச்சல் பிள்ளைகள் இருக்கிற வரிசையைக் காட்டினாள். அப்போது மூத்தவள் நர்ஸின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏழு வயதுப் பிள்ளை, பனித்தொப்பியைக்கூடக் கழற்றாமல், தெளிவான பிரெஞ்சில் சொன்னாள்: அது உண்மையில்லை. அம்மா எப்போதும் அப்படித்தான் சொல்வார். தங்கச்சி என் சாப்பாட்டையும் சாப்பிடுகிறாள். குளிக்கிற தண்ணீரைக்கூடக் குடிக்கிறாள். பனி தின்கிறாள். ஒவ்வொரு நாளும் படுக்கை நனைகிறது, அம்மா ஏசுவார் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒளிக்கிறோம்.

நர்ஸ் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் வர்ணிக்க முடியாது. பிறகு சின்னவளின் விரலில் ஊசி குத்தி ஒரு துளி இரத்தத்தைச் சிறிய கருவியில் வைத்தாள். அதில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. அடுத்த நிமிடம் பிள்ளை என் கையில் இல்லை. மூன்று நாலு பேர் தள்ளிக்கொண்டு ஓட, நான் ஒரு பூட்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

இரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை. அங்கே ஒரு டாக்டர் வந்து, பிள்ளையின் பழைய எடை என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியாது. பெற்ற பிள்ளையின் எடை எனக்குத் தெரியாது என்று நான் அந்த மனிதரிடம் சொன்னேன். கணவர் வீட்டுக்குப் போய் லாச்சிக்குள் கிடந்த சீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பிரித்தோம். எடை இருந்தது, திகதி இருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வரி: 'நல்லா வளர்றா.' 'ரொம்பச் சுட்டி.' 'உன் பொண்ணு தங்கம், கவலைப்படாதே.' கடைசிச் சீட்டு ஐப்பசியில் எழுதியது. பதினேழு கிலோ. ஆஸ்பத்திரித் தராசில் அவள் பதினாலு. நான் காதால் கேட்க மறுத்த நல்ல சொல்லெல்லாம் இரண்டு வருடமாக லாச்சிக்குள் கிடந்திருக்கிறது. பிரித்துப் படித்துக்கொண்டு வந்திருந்தால் அவளுடைய எடை எனக்குத் தெரிந்திருக்கும்; முதுகெலும்பு தட்டுப்பட்ட அன்றைக்கே தராசில் ஏற்றிப் பார்த்திருப்பேன். நான் தரையில் இருந்து வாய் விட்டு அழுதேன். அன்றைக்கு அந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்: எந்தச் சனிக்கிழமை எத்தனை தோசை, எத்தனை கோப்பை தண்ணீர், பனிப் புட்டு, எல்லாம்.

திங்கட்கிழமை டாக்டரம்மா டாக்சி பிடித்து வந்தார். கனத்த கோட்டும் பூட்ஸுமாக, பனி உருகிச் சொட்டச் சொட்ட, வாசலிலேயே நின்றார். குழாய்களுக்கு நடுவில் கிடந்த சின்னவளைப் பார்த்தார். "உடனே கூட்டிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றார். "நான் என் கண்ணால பார்த்திருக்கணும்."

நான் அவருக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டிருக்கலாம். தவறு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. நான் சொன்னது இது: "நான் பொய் சொன்னனான், டாக்டரம்மா. நீங்கள் சிரிச்சனீங்கள்."

அவர் தலையை ஆட்டினார். மறுக்கவில்லை. சின்னவளின் காலைப் போர்வைக்கு மேலால் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பார். எடுத்து, சின்னவள் எப்படி என்று கேட்பார். நான் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி வைத்துவிடுவேன். அவரிடமும் என்னிடமும் பகிடி செத்துப்போயிருந்தது. அவருடைய சமையலறைக்கு நான் திரும்பப் போகவே இல்லை. மகன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகிற கிழமை, "ஒரு தடவை பொண்ணுங்களைக் கூட்டிட்டு வாயேன்" என்றார். பேந்து வாறன் என்றேன். இறந்த செய்தி கோயிலில் வைத்துத்தான் தெரிந்தது.

சின்னவளுக்கு இப்போது ஒன்பது வயது. கையில் ஒரு வட்ட வில்லை ஒட்டியிருக்கிறது. அவளுடைய இரத்தச் சீனி அளவு அதிலிருந்து என் போனுக்கு வரும். ஒவ்வொரு வாய் சாப்பாட்டையும் அளந்து, அதற்கு ஏற்ப இன்சுலின் போட வேண்டும். பள்ளிக்கூடம், நர்ஸ், சிநேகிதியின் அம்மா என்று எல்லோரிடமும் என் பிள்ளை என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று உரத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். முதலில் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வேன். இப்போது பழகிவிட்டது. எந்த நேரம் போன் கத்துமோ என்று நித்திரை மட்டும் இன்னும் வருவதில்லை.

போன சனிக்கிழமை பின்னேரம் அவள் தமக்கையோடு பால்கனியில் நின்றாள். என் போன் கத்தியது. எண் இறங்கிக்கொண்டிருந்தது, அம்புக்குறி நேர் கீழே பார்த்தது. கதவைத் திறந்து, "பிள்ளை, என்ன செய்யுது?" என்றேன்.

"நல்லா இருக்கிறன், அம்மா."

உதடு வெளிறியிருந்தது. கைகளைச் சட்டைக்குள் ஒளித்திருந்தாள். இழுத்துப் பார்த்தால் விரல்கள் நடுங்கின. "பொய்" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. உடம்பைப் பற்றி உண்மை பேசக்கூடாது என்று இந்த வீட்டில் கற்றுக்கொடுத்தது யார்? அவளைச் சமையலறைத் தரையில் இருத்தி, ஜூஸ் பெட்டியில் குழாயைக் குத்திக் கொடுத்தேன். நானும் பக்கத்தில் இருந்தேன். சீனி ஏறப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பாதி குடித்துவிட்டு அவள் கேட்டாள்.

"அம்மா, நான் உண்மை சொன்னா நீங்கள் அழுவீங்களோ?"

எத்தனை நாளாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. இல்லை, அழமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் ஓடியது.

"ஓம், அழுவன்" என்றேன். "எண்டாலும் சொல்லு."

சொன்னாள். கை நடுங்குது. கண் இருட்டுது. ஊசி குத்திற இடம் எல்லாம் நோகுது. பள்ளிக்கூடத்திலே இரண்டு தரம் இப்பிடி வந்தது, நான் ரீச்சருக்குச் சொல்லேல்லை. பயமா இருக்கு, அம்மா. தமிழில் பாதியும் பிரெஞ்சில் பாதியுமாக, நெடுநேரம் சொன்னாள். நான் அழுதேன். அவள் ஜூஸை முழுக்கக் குடித்து முடித்தாள்.